சிக்னல் நேரத்தைத் திருத்துங்கள்!

சென்னையில் ஒரு சிவப்பு விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? எந்தக் கணக்கை வைத்துத் தீர்மானித்தார்கள்? அந்தக் கணக்கைக் கடைசியாகச் சரிபார்த்தது எப்போது? பொதுமக்கள் பார்க்கும்படி இந்தக் கேள்விகளுக்கு எங்கும் பதில் இல்லை. பல லட்சம் பேரின் நேரத்தை நாள்தோறும் எடுத்துக்கொள்ளும் ஓர் அரசு முடிவு, விளக்கம் எதுவும் இல்லாமல், சந்திப்பின் ஓரத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெட்டிக்குள் அமலாகிக்கொண்டிருக்கிறது. இந்த மெத்தனத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

காலை 9 மணிக்கு நகரின் பெரிய நாற்சந்திகளில் ஏதாவது ஒன்றில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பச்சை விழுந்ததும் ஸ்டாப் லைனில் குவிந்திருந்த இரு சக்கர வாகனங்கள் ஒரே பாய்ச்சலில் கிளம்பும். அவற்றை ஒட்டி ஆட்டோ, கார், மாநகரப் பேருந்து என்று நெருக்கமாக ஓடும். 20, 25 நொடிக்குள் அந்த வரிசை கரைந்துவிடும். அதன் பிறகும் பச்சை எரிந்துகொண்டே இருக்கும். தூரத்திலிருந்து ஒரு கார் வரும், கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு ஸ்கூட்டர் வரும். அதே நேரம் பக்கத்துச் சாலையில் வரிசை நீண்டு, முந்தைய சந்திப்பின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும். அங்கே படிக்கட்டில் தொங்கும் மாணவர்களோடு நிற்கும் பேருந்து ஒரே பச்சையில் கடந்துவிட முடியாது. அடுத்த பச்சைக்கும் காத்திருக்க வேண்டும். ஆளில்லாத திசைக்குப் பச்சை, ஆள் நெரியும் திசைக்குச் சிவப்பு. இதற்குச் சாலை குறுகலாக இருப்பதைக் காரணம் காட்ட முடியாது. நேரத்தைப் பங்கிட்டதில் நடந்த தவறு இது.

பச்சை விளக்கின் நேரம் ரேஷன் அரிசி மாதிரி. கையிருப்பு ஓர் அளவுதான். ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறையும். ஆகவே அதை அளந்து கொடுக்க வேண்டும். அளப்பதற்கான முறையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றில்லை. பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஃப்.வி. வெப்ஸ்டர் 1958-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் அதற்கான சூத்திரம் இருக்கிறது. சிவில் பொறியியல் படிக்கும் மாணவர்கள் அதைத் தேர்வில் எழுதுகிறார்கள். இந்திய சாலைகள் காங்கிரஸ் என்னும் அமைப்பு, சிக்னல்களை எப்படி வடிவமைத்து நிறுவ வேண்டும் என்பதற்கான வழிகாட்டு நெறிகளை 1985-லேயே வெளியிட்டுவிட்டது. எந்தத் திசையில் மணிக்கு எத்தனை வாகனம் வருகிறது, பச்சையின்போது அந்தப் பாதை அதிகபட்சம் எத்தனை வாகனத்தை வெளியேற்றும், பச்சை மாறும்போதெல்லாம் எத்தனை நொடி வீணாகிறது என்ற விவரங்கள் இருந்தால் போதும். நான்கு திசைக்கும் பச்சை ஒருமுறை சுற்றி வர எவ்வளவு நேரம் தேவை என்பதை ஒரு தாளில் போட்டுவிடலாம்.

போட்டே காட்டுவோம். நான்கு திசைக்கும் தனித்தனியாகப் பச்சை கொடுக்கும் ஒரு சந்திப்பு. ஒவ்வொரு மாற்றத்திலும் 4 நொடி வீணாவதாக வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 16 நொடி போகிறது. காலை நெரிசல் வேளையில் அந்தச் சந்திப்பு தன் முழுத் திறனில் பத்தில் ஏழு பங்கு பளுவைச் சுமக்கிறது என்றால், வெப்ஸ்டர் கணக்குப்படி சுற்று நேரம் சுமார் 97 நொடி. மதியம் பளு முழுத் திறனில் பாதியாகக் குறைந்தால் 58 நொடி போதும். ஆக, ஒரே சந்திப்புக்குக் காலையில் ஒரு நேரம், மதியத்துக்கு வேறு நேரம், இரவுக்கு இன்னொன்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் பள்ளி விடுமுறைக்கும் தனிக்கணக்கு வேண்டும். அப்படியிருக்க, இரவு 11 மணிக்கு ஆளரவமற்ற சாலையில், நெரிசல் வேளைக்குரிய நீண்ட சிவப்பின் முன் ஒற்றை ஸ்கூட்டர் நின்றுகொண்டிருக்கும் காட்சியை இந்த நகரம் இன்னும் ஏன் பார்க்க வேண்டும்?

நெரிசல் அதிகமானால் சுற்று நேரத்தை நீட்டு என்பதுதான் நம்மூரில் எழுதப்படாத விதி. பச்சையை நீட்டினால் அதிக வண்டி போகும் என்று தோன்றும். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. மேலே சொன்ன சந்திப்பில் 120 நொடிச் சுற்று ஓடினால் மணிக்கு 30 முறை சுற்றும். 480 நொடி வீணாகும். அதையே 200 நொடியாக நீட்டினால் 18 முறை சுற்றும்; 288 நொடி வீணாகும். மிச்சம் பிடித்தது மணிக்கு 192 நொடி, அதாவது நூற்றுக்கு 5 பங்கு. இதற்குக் கொடுக்கும் விலை என்ன? சிவப்பு விழுந்த மறுநொடி வந்து நிற்பவர் 90 நொடிக்குப் பதில் 150 நொடி காத்திருக்க வேண்டும். அந்த 150 நொடியில் சேரும் வரிசை பின்னாலுள்ள சந்திப்பு வரை நீளும். அங்கே பச்சை விழுந்தாலும் நகர இடமிருக்காது. மிச்சம் பிடித்த 5 பங்கும் அங்கேயே போய்விடும். இவ்வளவு நீண்ட பச்சையின் கடைசிப் பகுதியில் வண்டிகள் இடைவெளி விட்டு வருவதால் அந்த நொடிகளும் முழுதாகப் பயன்படுவதில்லை. அதனால்தான் 120 நொடிக்கு மேல் சுற்று நேரத்தைக் கொண்டுபோகப் போக்குவரத்துப் பொறியாளர்கள் தயங்குகிறார்கள். இரண்டரை நிமிடச் சிவப்புக்குப் பழகிப்போன நம் சந்திப்புகளில் அந்தத் தயக்கத்தின் சுவடே தெரியவில்லை.

கோடையில் சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டது சென்னை மாநகராட்சி. வெயிலில் ஹெல்மெட்டுக்குள் வேர்த்து நிற்பவர்களுக்கு அது நல்ல காரியம்தான், வரவேற்றோம். ஆனால் பந்தல் போட்ட அதிகாரிகள், மே மாத மதியத்தில் ஒருவர் அந்த இடத்தில் ஏன் அத்தனை நேரம் நிற்க வேண்டியிருக்கிறது என்றும் கேட்டிருக்க வேண்டும். சுற்று நேரத்தைக் குறைத்திருந்தால் அதற்குக் கம்பும் வலையும் தேவைப்பட்டிருக்காது.

இப்போது மெட்ரோ பணிகளுக்கு வருவோம். 118.9 கிலோமீட்டருக்கு மூன்று வழித்தடங்களில் இரண்டாம் கட்டப் பணி நடக்கிறது. ஆற்காடு சாலை, பழைய மகாபலிபுரம் சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை என்று எங்கு பார்த்தாலும் தடுப்புப் பலகைகள். மெட்ரோ வேண்டும், பணிக்காகச் சாலை குறுகுவதையும் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் 11 மீட்டர் அகலப் பாதை ஐந்தரை மீட்டராகச் சுருங்கினால், ஒரு நிமிடப் பச்சையில் அதன் வழியே வெளியேறும் வாகனங்களும் ஏறக்குறைய பாதியாகக் குறையும். பாதையின் அகலத்தோடு வெளியேறும் திறன் நேர்விகிதத்தில் மாறும் என்பது அடிப்படைப் பாடம். அப்படியானால் தடுப்பு வைக்கும் அன்றே, அந்தச் சந்திப்பின் நான்கு திசைப் பச்சையையும் புதிதாகக் கணக்கிட்டிருக்க வேண்டும். தடுப்பு நகரும்போது மறுபடி கணக்கிட வேண்டும். பாதையைத் திருப்பிவிட்டால், திருப்பிவிடப்பட்ட தெருவின் சிக்னலையும் திருத்த வேண்டும். போக்குவரத்து மாற்றம் குறித்த அறிவிப்புகள் நாளிதழ்களில் தவறாமல் வருகின்றன. வலது பக்கம் திரும்பத் தடை, யு-டர்ன் போட்டு வரவும் என்றெல்லாம் சொல்லும் அந்த அறிவிப்புகளில், சிக்னல் நேரம் இன்ன அளவு மாற்றப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தால் என்ன?

அடுத்தடுத்த சிக்னல்கள் ஒன்றையொன்று அறியாமல் எரிவது இதைவிடப் பெரிய குறை. 600 மீட்டர் இடைவெளியில் இரண்டு சந்திப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்தத் தூரத்தை 60 நொடியில் கடக்கும். முதல் சந்திப்பில் பச்சை விழுந்து 60 நொடி கழித்து இரண்டாவதில் பச்சை விழுந்தால், கிளம்பிய கூட்டம் நிற்காமல் போய்விடும். இரண்டுக்கும் சுற்று நேரம் ஒன்றாக இருக்க வேண்டும், கடிகாரம் ஒன்றாக ஓட வேண்டும், தேவை அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1984 ஒலிம்பிக்குக்காகக் கணினி வழி இணைப்பைத் தொடங்கி, 2013-க்குள் தன் 4,400 சிக்னல்களையும் இணைத்து முடித்தது. சிட்னி 1970-களில் உருவாக்கிய ஸ்காட்ஸ் முறை இன்று உலகின் பல நகரங்களில் ஓடுகிறது. வெளிநாட்டைப் பார்க்க வேண்டாம் என்றால், நம் பக்கத்துத் திருவனந்தபுரத்தின் சி-டாக் நிறுவனம் இந்தியச் சாலைகளுக்கென்றே கோசிகாஸ்ட் என்ற முறையை உருவாக்கியிருக்கிறது. பெங்களூரு அதை நிறுவிக்கொண்டது. அண்ணா சாலையில் ஒரு சிக்னலைத் தாண்டி, அடுத்த சிக்னலின் சிவப்பில் நின்று, அதையும் தாண்டி மூன்றாவதின் சிவப்பில் நிற்கும் சென்னைவாசிக்கு இதையெல்லாம் கேட்டால் ஆற்றாமைதான் மிஞ்சும்.

இங்கே சந்திப்பில் நிற்கும் காவலர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் மீது நமக்குக் குற்றச்சாட்டு இல்லை. புகையிலும் வெயிலிலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் ஒருவர், தன் கண்ணுக்குத் தெரியும் வரிசையைப் பார்த்துச் சிக்னலை மேனுவலுக்கு மாற்றி, கையால் திறந்து மூடுகிறார். டைமரின் எண்கள் அணைந்துபோகும். அவருக்கு முன்னால் நிற்கும் வரிசை தெரியும். அரைக் கிலோமீட்டர் தள்ளி அடுத்த சந்திப்பில் நிற்கும் வரிசை தெரியாது. ஒரு பக்கத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் மூன்று நிமிடம் திறந்துவிட்டால், அந்தக் கூட்டம் முழுவதும் அடுத்த சந்திப்பில் போய் முட்டும். அங்கிருக்கும் காவலர் தன் பங்குக்கு இன்னொரு பக்கத்தை மூன்று நிமிடம் திறப்பார். இப்படியே ஒரு சாலை முழுக்க ஒழுங்கு கெட்டுப்போகிறது. காவலர் கையில் எடுக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? பெட்டிக்குள் இருக்கும் நேரம் சாலையின் நிலைமைக்குப் பொருந்தவில்லை என்பதை அவர் தினமும் தன் கையால் அறிவித்துக்கொண்டிருக்கிறார். எந்தச் சந்திப்பில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மேனுவலில் ஓடியது என்று பதிவு செய்தாலே, எங்கெல்லாம் நேரம் தவறாக இருக்கிறது என்ற பட்டியல் மேலதிகாரிகளின் மேசைக்கு வந்துவிடும். அந்தப் பதிவைக் கேட்டு வாங்காமலும், அதன்மேல் நடவடிக்கை எடுக்காமலும் இருப்பது மேலே இருப்பவர்களின் குற்றம்.

சென்னைப் போக்குவரத்துக் காவல்துறைக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2008-இல் மூளைச்சாவு அடைந்த ஒரு சிறுவனின் இதயத்தைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வழி அமைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். நாடே பாராட்டியது. அன்று மற்ற வண்டிகளை நிறுத்திவைத்து ஒரு வண்டிக்கு வழிவிட்டார்கள் என்பதையும், எல்லா வண்டிகளையும் ஓடவைப்பது அதைவிடக் கடினம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் முக்கியப் பிரமுகர்கள் வரும்போதெல்லாம் சந்திப்புக்குச் சந்திப்பு தகவல் சொல்லி அடுத்தடுத்துப் பச்சை கொடுக்கும் ஒருங்கிணைப்பு, அலுவலகம் போகிறவர்களுக்கும் பள்ளிக்கூடம் போகிறவர்களுக்கும் ஒரு சிறு அளவிலாவது ஏன் கிடைக்கக்கூடாது?

நடப்பவர்களை இந்த நகரம் நடத்தும் விதம் எல்லாவற்றையும்விட மோசம். 22 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க, நொடிக்கு 1.2 மீட்டர் என்ற வழக்கமான நடை வேகத்தில் 18 நொடி ஆகும். முழங்கால் வலியுள்ள ஒரு மூதாட்டி நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் 27.5 நொடி. நம் சந்திப்புகள் பலவற்றில் நடப்பவருக்கென்று தனிப் பச்சையே கிடையாது. விளக்கு இருக்கும் இடத்திலும் அது எரிவதில்லை. எரிந்தாலும் பாதிச் சாலையில் அணைந்துவிடுகிறது. நடப்பவருக்குப் பச்சை எரியும்போதே, ஃப்ரீ லெஃப்ட் என்ற பெயரில் இடது பக்கம் திரும்பும் வண்டிகள் ஜீப்ரா கோடுகளின் மேல் நிற்காமல் பாய்கின்றன. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் பையோடு, மீடியனில் ஓர் அடி அகலத்தில் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் உரசிப் போகும் பேருந்துகளுக்கு நடுவே அடுத்த இடைவெளிக்காகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் பெண்ணை இந்த ஊரில் பார்க்காதவர் யார்? அவரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் நேரம் குறித்தவர்கள், அந்தச் சாலையை ஒருமுறையாவது நடந்து கடந்திருக்க வேண்டும்.

நீண்ட சுற்று நேரம் நடப்பவரைத்தான் முதலில் தண்டிக்கிறது. இரண்டரை நிமிடம் பொறுத்து நிற்க யாருக்கும் மனம் வராது. ஓடிக் கடக்கிறார்கள். ஓடிக் கடப்பவர் மேல் வண்டி மோதினால், அஜாக்கிரதையாகச் சாலையைக் கடந்தார் என்று பழி அவர் மேலேயே விழுகிறது. சிக்னலின் நேரத்தை யாரும் குறை சொல்வதில்லை. இது அநியாயம்.

பேருந்துப் பயணிகளின் நிலையும் இதையொட்டியதே. மாநகரப் போக்குவரத்துக் கழகம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகளை ஓட்டுகிறது. ஒரு தடத்தில் 15 சிக்னல்கள் இருந்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் வீணானால், ஒரு நடைக்குக் கால் மணி நேரம் போய்விடும். நாளுக்கு 8 நடை என்றால் 2 மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் அதே பேருந்து, அதே ஓட்டுநர், நடத்துநரோடு கூடுதல் நடை போயிருக்கலாம். ஸ்டாப்பில் நிற்பவர்கள் பஸ் வரவில்லை என்று புலம்பும்போது, அந்த பஸ் ஏதோ ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருக்கிறது. புதிய பேருந்து வாங்கக் கோடிகள் ஒதுக்கும் அரசு, இருக்கும் பேருந்துகளின் நேரத்தை இப்படி வீணடிக்க அனுமதிப்பது எந்த வகைச் சிக்கனம்?

பணம் இல்லை என்று சொல்லவும் முடியாது. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அரசு 621 கோடி ரூபாய் ஒதுக்கியது. மேம்பாலம் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்துக்குள் போகவில்லை. ஆனால் மேம்பாலம் இறங்கும் இடத்திலும் ஒரு சிக்னல் இருக்கும். மேலே மிச்சம் பிடித்த நேரத்தைக் கீழே அந்தச் சிக்னல் விழுங்காமல் பார்த்துக்கொள்ள, 621 கோடியில் ஒரு துளி போதும். சிக்னல் கம்பங்கள் முழுக்க எல்இடி விளக்குப் பட்டை பொருத்தினார்கள். தூரத்திலிருந்தே தெரிகிறது, நல்லதுதான். அந்த அக்கறை கம்பத்துக்குள் ஓடும் நேரத்தின் மேலும் விழுந்திருக்க வேண்டும். சிக்னலை மீறுவோரின் நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும் கேமராக்கள் பல சந்திப்புகளில் வேலை செய்கின்றன. அபராதத் தொகையை 2022-இல் அரசு பல மடங்கு உயர்த்தியது. அந்தக் கேமராவின் கண் முன்னால்தான் நாள் முழுக்க வரிசை நீள்கிறது. மீறியவரின் எண்ணைப் படிக்கத் தெரிந்த அமைப்பால் எந்தத் திசையில் எத்தனை வண்டி வந்தது என்று எண்ணவும் முடியும். குடிமக்கள் செய்யும் தவறுக்கு உடனே ரசீது அனுப்பும் அரசு, தன் தவறைத் திருத்திக்கொள்ள அந்தக் கண்களைப் பயன்படுத்தாமல் இருப்பதை ஏற்க முடியாது.

இதற்கெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: பெரிய திட்டம் வருகிறது, பொறுங்கள். ஜப்பானின் ஜைக்கா கடனுதவியில் சென்னைக்கு நுண்ணறிவுப் போக்குவரத்து அமைப்பு நிறுவ 2018-இல் ஒப்பந்தமானது. வாகன வரத்தைப் பார்த்துத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னல்களும் அதில் அடக்கம். திட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் ஒப்பந்தமாகி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நகரின் பெரும்பாலான சந்திப்புகளில் நிற்பவர் அதன் பலனை உணரவில்லை. நாளை வரப்போகும் கருவியைக் காரணம் காட்டி இன்றைய நேரத்தைத் திருத்தாமல் இருப்பது தட்டிக்கழிப்பு. சாதாரணக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் காலை, மதியம், மாலை, இரவு என்று தனித்தனி நேரத் திட்டங்களை ஏற்ற முடியும். கூகுள் நிறுவனத்தின் கிரீன் லைட் திட்டம் பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா நகரங்களில், புதுக் கருவி எதுவும் வைக்காமல், இருக்கும் சிக்னல்களின் நேரத்தைச் சில நொடிகள் மாற்றச் சொல்லிப் பரிந்துரை கொடுத்தது. வண்டிகள் நின்று கிளம்புவது 30 சதவீதம் வரை குறையலாம் என்பது அந்த நிறுவனத்தின் தொடக்க மதிப்பீடு. அதில் பாதி கிடைத்தாலும் பெரிய காரியம்.

நம் சாலையில் எல்லாம் கலந்து ஓடும், லேன் ஒழுங்கு கிடையாது, வெளிநாட்டுக் கணக்கு இங்கே செல்லாது என்று இன்னொரு சாக்கு. இருபது ஆண்டுகளுக்கு முன் அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் அதன் பிறகு நாடு முழுதும் அளந்து, ஸ்கூட்டரும் ஆட்டோவும் கலந்து ஓடும் நம் சாலைகளுக்கென்றே மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனம் 2017-க்கான சாலைக் கொள்ளளவுக் கையேட்டைத் தயாரித்துவிட்டது. சிக்னல் சந்திப்புகளுக்கு அதில் தனிப் பகுதியே உண்டு. இனியும் அந்தச் சாக்கைச் சொல்லக் கூடாது. மக்கள் சிக்னலை மதிப்பதில்லை என்பது உண்மை. டைமரில் மூன்று நொடி இருக்கும்போதே சீறிக்கொண்டு கிளம்புவோரையும், ஜீப்ரா கோட்டின் மேல் வண்டியை நிறுத்துவோரையும், மஞ்சளைக் கண்டதும் வேகத்தைக் கூட்டுவோரையும் நாம் இதே வன்மையோடு கண்டிக்கிறோம். அவர்களுக்கு அபராதம் போடுங்கள். ஆனால் எதிரே ஒரு வண்டியும் இல்லாத சாலையில் இரண்டு நிமிடம் நிற்கவைத்தே சிக்னலின் மேலுள்ள மரியாதையைப் போக்கியது யார் என்பதையும் யோசியுங்கள்.

அறிவுக்கும் இங்கே பஞ்சமில்லை. நகர்ப்புறப் போக்குவரத்துக்கான உயராய்வு மையம் இயங்கும் ஐஐடியும், போக்குவரத்துப் பொறியியல் கற்றுத் தரும் அண்ணா பல்கலைக்கழகமும் ஒரே சர்தார் படேல் சாலையில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு செமஸ்டரிலும் மாணவர்கள் இந்த நகரத்துச் சந்திப்புகளில் நின்று வண்டிகளை எண்ணி ஆய்வேடு எழுதுகிறார்கள். அந்தக் கணக்குகள் நூலக அலமாரியில் நிற்கின்றன; வாசலுக்கு வெளியே மத்திய கைலாஷ் சந்திப்பில் வரிசை நிற்கிறது.

சிக்கலின் வேர் பொறுப்பு சிதறிக் கிடப்பதில் இருக்கிறது. சிக்னல் காவல்துறையின் கையில். சாலை மாநகராட்சியின் கையில், அல்லது நெடுஞ்சாலைத் துறையின் கையில். தடுப்புப் பலகை மெட்ரோவின் கையில். பேருந்து இன்னொரு கழகத்தின் கையில். இவர்கள் அனைவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கவே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு, அதாவது கும்டாவுக்கு, 2010-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் முதல் ஆணையக் கூட்டம் முதல்வர் தலைமையில் நடந்தது 2022 நவம்பரில். பன்னிரண்டு ஆண்டுத் தாமதத்துக்கு இரண்டு கட்சி ஆட்சிகளும் பதில் சொல்லியாக வேண்டும். இப்போதாவது அந்தக் குழுமம் பெரும் திட்ட அறிக்கைகளோடு நின்றுவிடாமல், நகரின் ஒவ்வொரு சிக்னலின் நேரத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். காவலர்கள் சட்டத்தை அமல்படுத்தட்டும். நேரத்தைக் கணக்கிடுவது பொறியாளர் வேலை. அதற்கென்று முழுநேரப் பொறியாளர்கள் கொண்ட ஒரு பிரிவை அமைத்து, அதன் தலைவரின் பெயரை வெளியிட வேண்டும்.

நேரத்தைத் திருத்திவிட்டால் நெரிசல் முழுக்கத் தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. பளு எல்லையை மீறிய சந்திப்புகளும் இருக்கின்றன. அங்கே எந்தச் சூத்திரமும் உதவாது. அங்கே பேருந்தும் ரயிலும் நடைபாதையும்தான் வழி. ஆனால் எது அந்த வகைச் சந்திப்பு, எது நேரத்தைத் தவறாகக் குறித்ததால் திணறும் சந்திப்பு என்பதை அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது. அளப்பதைத்தான் கேட்கிறோம்.

ஆறு மாதத்துக்குள் நகரின் எல்லாச் சிக்னல் சந்திப்புகளிலும் வாகனங்களையும் நடப்பவர்களையும் எண்ணி முடியுங்கள். ஒவ்வொன்றின் சுற்று நேரம், ஒவ்வொரு திசைக்குமான பச்சை, நடப்பவருக்கான பச்சை, கடைசியாகத் திருத்திய தேதி ஆகியவற்றை இணையத்தில் வெளியிடுங்கள். மருத்துவமனை, பள்ளி, ரயில் நிலையம் அருகிலுள்ள சந்திப்புகளில், மெதுவாக நடப்பவரின் வேகத்தை அளவாக வைத்து நடைப் பச்சையை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வண்டிகளுக்குப் பங்கிடுங்கள். மெட்ரோ தடுப்பு நகரும் ஒவ்வொரு முறையும் நேரம் திருத்தப்பட வேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையாக்குங்கள். மேனுவலில் ஓடும் ஒவ்வொரு மணியும் பதிவாக வேண்டும். முதல் வேலையாக அண்ணா சாலையின் சிக்னல்களை ஒரே கடிகாரத்தில் இணைத்துக் காட்டுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் தினமும் நிற்கும் சந்திப்பின் சுற்று நேரம் என்ன, அது எந்த ஆண்டின் கணக்கெடுப்பில் குறிக்கப்பட்டது என்று கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் போக்குவரத்துக் காவல்துறைக்கு மனுப் போடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டியது அவர்களின் சட்டக் கடமை.